பன்னிரண்டில் பத்து

ஜனவரி. தூர்க்குவில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
ரவுனோ குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.
அதன் முனகல் தீர்ப்பைக் கெடுக்குமாம்.
வெண்ணெய் இளகினால் இளகட்டும்.

மேல்தட்டில் பழைய டிவிடி பெட்டி,
பழம்பொருள் சந்தையில் எட்டு யூரோ,
தட்டை நீட்டும்போது உதடு நடுங்கும்.
கீழ்த்தட்டில் புதிய டிரான்ஸ்போர்ட். பதினாறு கிலோ.
தட்டைச் சுழற்றிப் படிப்பதைத் தவிர
எந்த வேலைக்கும் கை நீட்டாத கனவான்.
பிர்யோவிடம் அவன் சொன்ன விலையில்
ஒரு சுழியம் குறைவு.

இரண்டும் ஒரே பெட்டிக்குத்தான் எண்களை ஊட்டுகின்றன.
ஒன்றும் சுழியமும்தானே ரவுனோ, என்றேன்,
தபால்காரன் செருப்பை மாற்றினால்
கடிதத்தில் எழுத்து மாறுமா?
எப்போது வந்து சேர்ந்தது என்பதும்
கடிதத்தில் சேர்த்தி, என்றான்.
அதுவும் நியாயம்தான்.
பென்சிலைக் கூராக்கிக்கொண்டேன்.

கண்ணைக் கட்ட பிர்யோவின் சால்வை.
மோட்டார் காட்டிக்கொடுக்காமலிருக்க
இரண்டு பெட்டிக்கும் கம்பளி.
முதுகுப் பக்கம் அலமாரி.
மெத்தைமேல் காசைச் சுண்டி
எது என்று அவள் முடிவுசெய்வாள், பொத்தானை அழுத்துவாள்.
அதே செல்லோ, அதே நாற்பது நொடி.
வில் படியுமுன் வாசிப்பவள் இழுக்கும் மூச்சு,
பன்னிரண்டு முறை.

"கனமானது." சரி.
"எட்டு யூரோ. மூச்சில் தூசி." சரி.
"கனமானது. அந்த மர வாசனை வருகிறது பார்."
எனக்கு வந்தது இளகிய வெண்ணெயின் வாசனை.
ஆனால் சரி.

பன்னிரண்டில் பத்து.
சுங்க அலுவலகத்தில் இருபது வருடம்
எண்களைச் சந்தேகப்பட்டவன் நான்.
இதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை.
சால்வையை அவிழ்த்தபோது
அவன் கண்கள் ஈரமாயிருந்தன.
பிர்யோ பிளக்கைச் செருகப் போய்விட்டாள்.

வீட்டு வாசலில், பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.
என் முட்டி சொடுக்கியது.
சின்னச் சத்தம். காய்ந்த சுள்ளி.

விளக்கடியில் தாளை விரித்தேன்.
தவறியவை ஏழும் பதினொன்றும்.
இரண்டுமே கீழ்த்தட்டு.
ஏழாவதில் அவள் தும்மினாள், ஓரத்தில் குறித்திருக்கிறேன்.
பத்தாவதும் கீழ்த்தட்டு;
எழ முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
பதினொன்றுக்கு அவள் குனியவே இல்லை.

அவன் பொய் சொல்லவில்லை.
முப்பத்தொரு வருடமாய் அதே முட்டியோடு
ஒரே வீட்டில் இருக்கும் காது அது.
கேட்டது எதுவென்று
காதுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவனே கூப்பிட்டான்.
இன்னொரு முறை செய்வோமா, இருபது சுற்று?
செய்யலாம், என்றேன். இரண்டையும்
மேல்தட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வை.
பிர்யோ குனிய வேண்டாம் பார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பக்கத்தில் வைத்தால் அதிர்வு தாவும்," என்றான்.
"வித்தியாசம் போய்விடும்."
அவனுக்குப் பின்னால்
குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது.