ஐந்தாம் ரீல் முதலில் வந்தது

அவள் செத்துப்போனதைத்தான்
காரைக்குடி முதலில் பார்த்தது.
புதுக்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் வந்த பெட்டியில்
எண்கள் அழிந்திருந்தன.
ஐந்தாம் ரீலை முதலாவதாக மாட்டிவிட்டான்
ஆப்பரேட்டர் குழந்தைசாமி.
கட்டிலில் கிடந்தாள், மெழுகுவத்தி அணைந்தது,
கொட்டகையில் ஒருவரும் அழவில்லை.
முன்பின் தெரியாதவளுக்கு யார் அழுவார்கள்?

நான் திரையோரம் நின்றிருந்தேன்,
கையில் பிரம்பு, கடைவாயில் சுக்கு.
சவரிமுத்து. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை.
திரையில் விழும் இங்கிலீஷ் எழுத்தைத்
தமிழில் கூவுவதற்கு ராத்திரிக்கு ஆறணா.
"இதெல்லாம் அவள் கண்ட கனா" என்றேன்.
அடுத்த ரீலில் எழுந்து குதிரை ஏறினாள்.
விசில் காதைக் கிழித்தது.

பெயர் லெனோர் விட்லாக்.
யார் வாயிலும் நுழையாது. லீலாவதி என்று வைத்தேன்.
திங்கட்கிழமைச் சந்தையில் தமுக்கடித்து
லீலாவதி வருகிறாள் என்று நோட்டீஸ் கொடுத்தோம்.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
ரீல் உரசாமல் இருக்கப் பெட்டிக்குள் திணித்திருந்த
பழைய பத்திரிகைத் தாள்கள் சொன்னதுதான்.
ஒஹையோவில் ஒரு செருப்பாலை ஊர்.
பதினாறு வயதில் வாரம் பதினைந்து டாலர்.
ஓடும் ரயிலிலிருந்து தானே குதிப்பாள்,
தனக்குப் பதில் ஆள் வைக்கவிடமாட்டாள்.
இடது கணுக்கால் இரண்டு தரம் முறிந்தது.
ஒரு தாளில் பாதியை எலி தின்றிருந்தது:
கல்யாணம் செய்துகொண்டாளாம்,
யாரை என்பது எலிக்குத் தெரியும்.

இங்கே வந்து சேரும்போது
அங்கே அவளுக்கு நாலு வயது கூடியிருக்கும்.

படுதாவுக்கு அந்தப்பக்கம் பெண்கள்.
கதவைத் திறந்து லீலாவதி வழி பார்த்தால்
படுதா கேட்கும்:
"கொண்டுவிக்கப் போயிட்டாகளா?"
ஆமாம் என்பேன். மோல்மேன் கடை, மூன்று வருஷக் கணக்கு.
படத்தில் அவன் சூதாடப் போயிருந்தான்.

ஒரு படத்தில் அவளுக்குக் கடிதம் வரும்.
கடிதத்தைக் காட்டும் துண்டு
எந்த ஊரிலோ அறுந்து போயிருந்தது.
முகம் மட்டும் மாறும்.
என்ன எழுதியிருந்தது என்பது என் பாடு.
முதல் ராத்திரி, "அடுத்த கப்பலில் வருகிறேன்."
படுதாவுக்குப் பின்னாலிருந்து
சளி பிடித்த ஒரு குரல்:
"பொய். வாரேன்னு எழுதுனா மொகம் இப்படியா போகும்?"
கோட்டையூர் உண்ணாமலை என்றார்கள்.
மறுநாள், "பணம் அனுப்பியிருக்கிறேன்."
"அதுவும் இல்லை."
மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்கவில்லை.
கைமெஷின் மட்டும் கரகரத்தது.
படுதா ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக வந்த பெட்டியில் கடைசித் தாள்:
மைக்குக்கு முன்னால் மிஸ் விட்லாக்கை நிறுத்தினார்களாம்.
முகத்துக்கும் குரலுக்கும் பொருந்தவில்லையாம்.
கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டது.
முதலாளி சாத்தப்பன் என்னிடம் கிழிக்கச் சொன்னது
டிக்கெட்டை. வாசலில் நின்று. நாலணா.
ஸ்பீக்கர் பெட்டி என் இடத்தில் நின்றது,
அதற்குச் சுக்கு வேண்டாம்.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு இங்கிலீஷ் படம்.
கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன்.
பெரிய வீட்டு வேலைக்காரி ஒருத்தி தட்டோடு நுழைந்தாள்,
இடது காலைச் சற்றே இழுத்து.
அந்தக் காலை வைத்துத்தான் தெரிந்தது.
ஒரே வசனம். வண்டி வந்துவிட்டது, அம்மா.
மூக்கால் வரும், ஆலைச் சங்கு போன்ற குரல்.
நல்ல குரல்தான்.
அதற்குள் என் வாய் அசைந்துவிட்டது,
எட்டு வருஷப் பழக்கம்.
நான் அவளுக்குக் கொடுத்திருந்தது
தேவகோட்டை மாதாகோயிலில்
ஞாயிறுதோறும் இரண்டாம் வரிசையிலிருந்து கேட்ட குரல்;
அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

பெண்கள் பக்கம் இப்போது படுதா இல்லை, இடுப்பளவு கம்பிதான்.
சளி பிடித்த அந்தக் குரல் சொன்னது:
"இது அவ இல்லை. அவ பேசுறது எனக்குத் தெரியும்."
"எவ?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நான் திரையைப் பார்ப்பதற்குள்
லீலாவதி தட்டை வைத்துவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள்.
இடைவேளை மணி அடிக்கவேண்டியவன் நான்.
கொஞ்சம் தாமதமாக அடித்தேன்.