உடைசல்

வெண்ணெயை அறை வெப்பத்தில் வைத்து
இளகவிடுக என்கிறது செய்முறை.
எந்த ஊர் அறையோ அது.
கொளத்தூரில், மே மாதம், மூன்றாம் மாடியில்
கத்தியை எடுத்துத் திரும்புவதற்குள்
வெண்ணெய் தட்டின் விளிம்பைத் தேடி
நடக்கத் தொடங்கியிருந்தது.

ராத்திரி பதினொன்றரை.
ஏ.சி.யும் அவனும் சேர்ந்து ஓடினால்
கீழே மீட்டர் பெட்டியில் டப்பென்று விழும்.
(அவன் என்றது அடுப்பை.
வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு
பாயோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.)

மைதா இரண்டு கப், நாட்டுச் சர்க்கரை ஒன்று,
ஏலக்காய் நாலு, உப்பு ஒரு சிட்டிகை.
வேர்க்கடலையை ஒன்றிரண்டாய் இடித்தேன்,
கீழ்வீட்டுக்குக் கேட்காமல், துணி போட்டு.
பிசைந்ததைக் குளிர்பெட்டியில்
தோசை மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.
எந்த ஊர், எந்த மில்லு என்று
இரண்டும் விசாரித்துக்கொண்டிருக்கும்.

ஆறு வருடம்
அம்பத்தூர் பிஸ்கட் கம்பெனியில்
பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான்.
ஒரே அச்சு, ஒரே நிறம், ஒரே ஓட்டைகள்,
கண் இமைத்தால் இருபது போய்விடும்.
ஓரம் கருகினால் எடு. மூலை உடைந்தால் எடு.
ஷிஃப்ட் முடிந்தும் விரல் முடியாது,
ரசத்தில் தீய்ந்த கடுகைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

எடுத்ததெல்லாம் நீல டிரம்மில் விழும்.
சனிக்கிழமை பாடியிலிருந்து ஒருவர்
டெம்போவில் வந்து
கிலோ கணக்கில் அள்ளிப்போவார்.
எங்களுக்கு அதில் ஒரு துண்டும் கிடையாது.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு எதிரே நின்றவள் பூங்காவனம்.
சத்தத்தில் பேச முடியாது, புருவத்தால் பேசுவாள்.
சூப்பர்வைசர் வருகிறார் என்றால் இடது புருவம்,
பசிக்கிறது என்றால் இரண்டும்.
ஒரு சாயங்காலம் கேட்டில்
அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள்.
ஒன்பது துண்டு.
எண்ணி, நோட்டில் எழுதி,
கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடத் தெரியும்
என்று அவள் சொன்னதையும் கேட்டு
வாங்கிக்கொண்டார்கள்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்.
என் டப்பாவில் பதினான்கு.
அவளைப் பிடித்த பரபரப்பில்
நீ போம்மா, போ என்றார்கள்.
போனேன்.
அன்றைக்குப் பஸ்ஸில்
ஜன்னலோரம்கூடக் கிடைத்தது.

டிங் என்றது அவன்.

பன்னிரண்டு உருண்டை வைத்திருந்தேன்
இரண்டு விரல் இடைவெளி விட்டு.
உள்ளே என்ன சமாதானம் நடந்ததோ
எல்லாம் ஒன்றாய்ப் படர்ந்து
கோடையில் வற்றின ஏரிபோல
ஓரம் கருகி, நடுவில் வெடித்துக் கிடந்தன.
சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போட்டேன்.
பரந்துபோன குக்கியை வெட்டினால்
அதற்குப் பெயர் பார்.
மாலில் ஒரு துண்டு நூற்றிருபது ரூபாய்.

சங்கவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து
கருகின மூலையை எடுத்தாள்.
ஐயோ அது வேண்டாம் என்று
கை முந்திக்கொண்டு போனது.
"கருகினதுதாம்மா டேஸ்ட்டு"
என்று வாயில் போட்டுக்கொண்டாள்.
"மத்ததையெல்லாம் ஏன் தனியா வச்சிருக்க?"

பார்த்தேன்.
தட்டில் நல்லது இரண்டு.
மேடை ஓரத்தில், நான் பார்க்காத நேரத்தில்
என் கை ஒதுக்கிவைத்தது
ஒன்பது.

கள்ளிக்குப்பத்தில் இட்லிக் கடை
போட்டிருக்கிறாள் என்று கேள்வி.
இங்கிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்.
பதினோரு வருடமாகக் கேள்வி மட்டும்.

"யாருக்கும்மா இவ்ளோ?"
ஒரு ஃபிரெண்டுக்கு என்றேன்.
சொன்ன பிறகு அந்தச் சொல்
வாய்க்குள் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

எவர்சில்வர் டப்பாவில்
காகிதம் விரித்து அடுக்கினேன்,
ஒதுக்கினதைக் கீழே,
நல்லதை மேலே. பிறகு மாற்றி.
பதினான்காக வெட்டியிருக்கலாம்.
அப்போது தோன்றவில்லை.

அவனை அணைத்தேன். ஏ.சி.யைப் போட்டேன்.
மாடியிலிருந்து இன்னும் யாரும் இறங்கவில்லை.
டப்பா மூடி சரியாக உட்காரவில்லை,
மேலே ஒரு துண்டு தடுக்கிறது.
உடைத்துத்தான் வைக்க வேண்டும்.