மங்கை டீச்சர் பாக்கி

மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு ஏழு மாதம்.
முந்நூறு வருஷத்துக்கு முன் குளிர்தேசத்தில்
பொய்முடி வைத்தவர்கள் போட்ட சண்டை அது:
நேற்று தவறு செய்தவனும்
இன்று கூண்டில் நிற்பவனும் ஒரே ஆள் என்று
எதை வைத்துச் சொல்வது?
நினைவை வைத்து, என்றது ஒரு கட்சி.
மறந்தவனுக்குக் கடன் இல்லையா, என்றது இன்னொன்று.
நான் அஸ்தம்பட்டி வாடகை மாடியில்,
தாள் பறக்காமலிருக்க ஒரு வெள்ளைக்கல் வைத்துக்கொண்டு.

கடமை என்று எழுதி அடித்தேன்.
கடப்பாடு. அரசாணை வாடை.
கடன் என்று எழுதியபோதுதான்
மாதேசன் கடை ஞாபகம் வந்தது.

விடைத்தாள் திருத்திய ஏப்ரல் முழுக்க
தட்டுவடை செட், சில நாள் நொறுக்கல்,
'எழுதிக்கோங்க' என்று கையசைத்துவிட்டு வந்தது.
முந்நூற்று நாற்பது ரூபாய்.

மாதேசன் எண்ணெய்ப் பக்கங்களைப் புரட்டினார்.
'மங்கை டீச்சர். அடிச்சிருக்கு பாருங்க.
ஜூன்லயே குடுத்துட்டீங்க.'
நான் கொடுக்கவில்லை.
'நோட்டு பொய் சொல்லாதுங்க.'
பீட்ரூட் துருவிக்கொண்டிருந்த பையன் நிமிராமல் சொன்னான்:
'அது ஏற்காட்டு மங்கை டீச்சருண்ணா.
சனிக்கிழமை குடையோட வருவாங்களே.
பாக்கின்னு நீங்கதான் கேட்டீங்க.
கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சாங்க.
சாப்பிட்டிருப்பேன்னு சொல்லிக் குடுத்துட்டாங்க.'

சாப்பிட்டேன் இல்லை.
சாப்பிடவில்லையும் இல்லை.
இருப்பேன்.
அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நின்றுகொண்டு
ஒரு பெண் பர்ஸைத் திறந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை மலை பஸ்.
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
ஏறுகிற எங்களுக்காக
இறங்குகிற மரலாரி ஒதுங்கி நின்றது.
யார் யாருக்குக் கொடுத்த வாக்கு இது?
குறித்துவைக்கப் பென்சில் எடுத்தேன்.
பத்தாவது வளைவில் அது உருண்டு
யாருடைய மிளகு மூட்டைக்கோ பின்னால் போயிற்று.

நாகலூர்ப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு.
என்னைவிட நாலைந்து வயது குறைவு,
புடவை ஓரத்தில் சாக்பீஸ் தூள்.
ஒரே பெயர், ஒரே நோட்டு,
பிசகு கடைக்காரருடையது, பயன் என்னுடையது,
கருத்தரங்கில் பேசுவதுபோல் பேசி முடித்தேன்.
பணத்தை அவள் பார்க்கவேயில்லை.

'அப்ப நான் சாப்பிடலையா?'
இல்லீங்க.
'ஒரு செட்டுகூட?'
எல்லாம் நான்தான்.

பெஞ்சில் உட்கார்ந்தாள்.
அவள் அம்மாவுக்கு நாற்பத்தாறில் ஆரம்பித்ததாம்.
முதலில் சாவி, அப்புறம் சாவி எதற்கென்று.
ஜூனிலிருந்து தினமும் படுக்கும் முன்
வருகைப் பதிவேட்டின் முப்பத்தொரு பெயரையும்
நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை.
சேலத்தில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருக்கிறாள்.
முந்நூற்று நாற்பது என்றுதான்
நான் எண்ணி எடுத்துவந்திருந்தேன்.

'கேன்சல் பண்ணிடறேன்' என்றாள்.
சிரித்தாள். மூக்கைச் சிந்தினாள்.
ரூபாயை எண்ணினாள்.
'பத்து கூட இருக்கு, புடிங்க.'
பிறகு, நான் கேட்காமலே,
கண்ணை மூடிக்கொண்டு, கடைசியிலிருந்து:
யுவஸ்ரீ, வெள்ளையன், தீர்த்தகிரி, செலின்...
பலகையில் யாரோ பாதி அழித்த பெருக்கல் கணக்கு.
ஜன்னலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது.
ஆல்பர்ட்டில் முடித்துக் கண்ணைத் திறந்தாள்,
பரீட்சை எழுதிய பிள்ளைபோல.

முப்பதுதான் வந்தது.

விரல்விட்டு எண்ணியது நான்.
செலினுக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே
பனியைப் பார்த்தேனே, அங்கே விட்டிருக்கலாம்.
விட்டிருப்பேன்.

'சரியாச் சொன்னேனா?'

பஸ் ஹாரன் அடித்தது, நல்லவேளையாக.

இறங்கும்போது ஒதுங்கி நின்றது எங்கள் வண்டி.
ஒவ்வொரு வளைவிலும்.
ஸ்கேன் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்.
அவள் நம்பர் கையில் இருக்கிறது.
டவர் இல்லை, டவர் இல்லை,
பிறகு, அடிவாரத்தில், இருந்தது.