எடைமேடை

புளியரை எடைமேடையில் ராத்திரி வேலை.
வைக்கோல், தக்காளி, எம்.சாண்ட்,
மலையேறும் லாரி எல்லாம் நிறுத்து
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.

கார்த்திகையில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
'நடங்க' என்றார் தென்காசி டாக்டர்,
முகம் பார்க்காமலே.

அன்றிலிருந்து, ஷிப்ட் முடிந்ததும்
எஸ் வளைவு ஏறி
கோட்டைவாசல் வரைக்கும் நடை.
எல்லையில் போன் அதிரும்:
கேரளத்துக்கு வரவேற்கிறது சிம் கம்பெனி,
தினமும், புது ஆளைப் போல.
ஷைலஜா சேச்சி கடையில்
ஒரு வித்தவுட்.
பழம்பொரி கண்ணாடிக்கு உள்ளே. நான் வெளியே.
போன செவ்வாய் ஒன்று தின்றேன்;
மழை பெய்தது, வேறென்ன சொல்ல.

பங்குனியில் ஒரு விடியல்,
லாரி வராத இடைவெளியில்
நானே ஏறி நின்றேன் மேடையில்.
எண்பது.
கார்த்திகையிலும் எண்பதுதான்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்;
லாரிக்காகச் செய்தது, பாவம்.

இறங்கி, பெல்ட்டில்
ஆணியால் அடித்த புது ஓட்டையில்
கொக்கியை மாட்டினேன்.

வளைவில் ஒரு வைக்கோல் லாரி
முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது.
உதிர்ந்த வைக்கோலை மிதித்தபடி
பின்னாலேயே நான்.