ஒன்பது நாள் மிச்சம்

முதல் தடவை போனில் வந்தான்.
"தனக்கொடிங்களா? கிச்சிப்பாளையம்?"
"அது பழைய வீடு. நீங்க?"
"தீர்ப்பு விஷயமா" என்றான்,
கேஸ் சிலிண்டர் விஷயமா என்பதுபோல.
பீட்ரூட் துருவிய கை.
போனெல்லாம் சிவப்பு.

அப்புறம் விடிகாலையில் வந்தான்.
அப்புறம் மகள் படிக்கிற காலேஜ் ஆபீசுக்கு.
ஒருநாள் சாயங்காலம் கடைக்கே,
குகை முக்கில், ஏழெட்டுப் பேர் தட்டோடு நிற்கையில்:
"ஒன்று நாற்பத்தேழு. எப்பக் கட்டுறீங்க?"
"செட்டா, நொறுக்கலா?" என்றேன்.
சின்னப் பையன். கழுத்து அட்டையில் ஹரிசுதன் என்று இருந்தது.
கொஞ்சம் யோசித்து, செட்டு என்றான்.
ஐம்பது ரூபாய்த் தாள் நீட்டினான்.
பாக்கியைக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் பையில் போட்டான்.

சீட்டுக் கம்பெனி மூடிப் பத்து வருஷம்.
கடனை இன்னொரு கம்பெனி வாங்கியிருக்கிறதாம்.
"என்னையும் சேர்த்து என்ன விலைக்கு?" என்று கேட்டேன்.
அதைச் சொல்லக்கூடாதாம்.

கையெழுத்து என்னுடையதுதான்.
அதை நான் மறுக்கவில்லை.
சேகோ ஃபேக்டரியில் மாவு அள்ளிய காலம்.
சம்பூரணம் சீட்டு எடுத்தாள், மகன் காலுக்கு ஆபரேஷன்.
ஜாமீனுக்கு ஆள் கேட்டாள்.
அன்றைக்கு அவள் டப்பாவில் கோழி.
பாதியை என் தட்டில் வைத்தாள்.
அதற்காகப் போட்டேன் என்று சொல்ல முடியாது.
அதற்காக இல்லை என்றும் சொல்ல முடியாது.
பெ. தனக்கொடி.
அப்பாவின் எழுத்து. அதற்குப் பிறகு எங்கும் போட்டதில்லை.

சம்மனை ஒட்டினார்களாம்,
நாங்கள் காலி செய்து நாலு மாதமான வீட்டில்.
கதவு படித்திருக்கும்.
கதவு எப்படிக் கோர்ட்டுக்குப் போகும்?
நகலில் ஒரு வரி:
பிரதிவாதி மும்முறை அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை.
அஸ்தம்பட்டியில், வராந்தாவில்,
டவாலி ஒருவர் மூன்று தடவை
என் பெயரைக் கத்தியிருக்கிறார்.
அவ்வளவு சத்தமாக அதை யாரும் சொன்னதில்லை.
தேதியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.
வெயிலில் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்திருப்பேன்.

வக்கீல் குமாஸ்தா மாதையன்
விரல் கணுவில் மாதங்களை எண்ணினார்.
"பன்னெண்டு வருஷம் தாண்டியிருந்தா
இது வெறும் காகிதம்மா.
ஒம்பது நாள் மிச்சம் வச்சு மனுப் போட்டிருக்கான்."
ஒன்பது நாள்.
எங்கே போய்த் தேடுவது?
எந்த வருஷத்திலிருந்து உருவுவது?
பிறகு வட்டியைப் போட்டார், பேனா மூடியைக் கடித்தபடி.
ஆறு சதவீதம்தானாம், தீர்ப்பில் அப்படித்தானாம்.
தொண்ணூறாயிரத்து நூறு. செலவு தனி.
ஒன்று நாற்பத்தேழு எங்கிருந்து முளைத்தது என்றதற்கு
மூக்கை மட்டும் சொறிந்தார்.
"சமைக்கிற பாத்திரம், உடுத்துற துணி, படுக்கை, தாலி,
இதையெல்லாம் தொட முடியாது."
"டிவி?"
"டிவியை எடுப்பான்."
வக்கீலுக்கு முன்னூறு. அவருக்கு டீ.

அன்று ராத்திரி சட்டத்தின் கண்ணால் வீட்டைப் பார்த்தேன்.
குக்கர் என்னுடையது. பாய் என்னுடையது.
ஃபேன் சந்தேகம்.
மகளின் கொலுசு? அது அவளுடையது என்று யாரிடம் காட்டுவேன்,
செவ்வாய்பேட்டையில் ரசீதா கொடுத்தார்கள்?
அவளே கழற்றித் துணிக்குள் சுருட்டினாள்.
நான் சொல்லவில்லை.

சம்பூரணம் திருப்பூரில் இருக்கிறாள்.
இரண்டாவது தடவை எடுத்தாள்.
கேட்க வேண்டியதை நடந்து நடந்து பழகி வைத்திருந்தேன்.
"பையன் நடக்கிறானா?" என்று கேட்டேன்.
"ஓடுறான்" என்றாள்.
பஸ் சத்தம் கேட்டது, அங்கேயா இங்கேயா தெரியவில்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.

வாய்தா நாள். கடைக்கு லீவு.
மழை மூட்டத்தில் ஏற்காட்டு மலை பாதிதான் தெரிந்தது.
மாசம் இரண்டாயிரம் என்று கேட்க
மனு எழுதிக் கையில் வைத்திருந்தேன்.
ஹரிசுதன் தூணோரம் நின்றான், அட்டையைத் திருப்பிப் போட்டு.
தலையாட்டினானா, கொசுவா, தெரியவில்லை.

டவாலி வெளியே வந்தார்.
"பெ. தனக்..."
"இருக்கேன்!"
கூட்டம் திரும்பிப் பார்த்தது.
அவருக்குக் கோபம்.
"மூணு தடவை கூப்பிடணும்மா நான்.
முழுசாக் கூப்பிட விடு."