பெயர்ப்பலகை

ஏணியைச் சாத்தியதும் மழை பிடித்துக்கொண்டது.
ஸ்லைகோவிலிருந்து தூரிகைகளோடு வந்தவன்
கறுப்பு பியருக்காக உட்கார்ந்துவிட்டேன்.
முக்கால் கோப்பை ஊற்றி, நிறுத்தி,
அப்படியே விட்டுவிட்டு டெர்வ்லா உள்ளே போனாள்,
யாருக்கோ தொலைபேசியில்
சவப்பெட்டியின் விலை சொல்ல.
நுரை ஏறி முடிப்பதற்குள்
ஓர் அடக்கம் ஏற்பாடாகிவிட்டது.

இடது அலமாரியில் தேயிலை, ஆணி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து.
வலதில் விஸ்கி.
பின்னறைக் கல்தரை ஜூலையிலும் சில்லிட்டிருக்கும்;
ஏரியில் மூழ்கியவர்களை
விசாரணைக்கு ஆள் வரும்வரை
அங்கேதான் கிடத்துவார்களாம்.
"குடிச்சவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே கதவு,
கணக்குதான் வேற நோட்டு" என்றார் ஃபெஸ்டஸ்,
என் கோப்பையைப் பார்த்தபடி.

ஜன்னலோரம் ஆளுயர மரத்தடுப்பு.
உள்ளே ஒரு பெஞ்சு, கை நுழையும் சிறு கதவு.
பெண்கள் அங்கிருந்துதான் குடித்தார்கள், முகமில்லாமல்.
அஸம்ப்டா கெயர்னி இரண்டு தட்டு தட்டினால் பியர்.
மூன்று தட்டினால் பிராந்தி, பேச்சு வேண்டாம் என்று பொருள்.
முப்பது வருடம் அவள் விரல்களுக்கு ஊற்றிக் கொடுத்தவர்
ஞாயிறு மாதா கோயிலில்
அறியாதவர்போல் தொப்பியைத் தொடுவாராம்.

பூட்டிய பிறகு குடிப்பது வேறு ருசி.
ஒரு ராத்திரி, விளக்கணைத்து
இருபது பேர் மூச்சடக்கியிருக்க
கதவில் சார்ஜண்ட் ஹெனகன்.
"உள்ளே யாருமில்லை" என்றது ஒரு குரல்.
"நல்லதாப் போச்சு, எனக்கு இடமிருக்கும்."

மழை விட்டது. பலகையைச் சுரண்டினேன்.
ஸ்கான்லன்.
அதற்கடியில் பழுப்பில், ஸ்கான்லன்.
அதற்கும் அடியில் பச்சையில்.
தொண்ணூறு வருடமாய் இந்த ஊரில்
ஒரு ஸ்கான்லனும் கிடையாது.
மூன்று பேர் வாங்கி விற்றுவிட்டார்கள்.

"என் பேர். பெரிசா. தங்க நிறத்துல"
என்றாள் டெர்வ்லா ட்வோமி.
பதினோரு வருட வங்கிக் கடன்
போன மாதம்தான் தீர்ந்திருந்தது அவளுக்கு.
எழுதினேன், மூன்று மணிநேரம்.
டிராக்டர் ஒன்று வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.
ஃபெஸ்டஸ் வெளியே வந்து
"நல்ல எழுத்து" என்றார்,
வானம் வெளுத்ததைச் சொல்வதுபோல.

ஏணியை மடக்கும்போது உள்ளே தொலைபேசி.
கையைத் துடைத்தபடி ஓடி எடுத்தாள்.
"ஸ்கான்லன்" என்றாள்.
அப்புறம் கொஞ்ச நேரம்
சத்தமே இல்லை.