உதிர்நெல்

ராஜகிரியப் பக்கம் கால்வாய் தூர்வாரும் வேலை.
பெக்கோ ஓட்டுவது விமலதாச.
எத்தனை லோட் ஏறியது என்று கோடு போடுவது நான்.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: களை.
ஆகாயத்தாமரை, சம்புப் புல், பொலித்தீன்,
ஒருதரம் ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு,
எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான்.

மூன்றாம் நாள் அவன் எஞ்சினை நிறுத்தினான்.
வாளியின் பல்லில் தொங்கியதைக் காட்டி
‘ஊரு வீ’ என்றான்.
பன்றி நெல்.
பன்றி தின்னுமா என்றேன்.
பன்றிக்கு இங்கே எங்கே இடம்,
எல்லாம் தொடர்மாடி என்று சிரித்தான்.

நெல்தான்.
ஆனால் மணிக்கு மணி
விரல் நீளத்தில் சிவந்த மீசை.
கதிரைப் பிடித்தேன்,
கையில் வெறும் காம்பு.
பழுத்ததெல்லாம்
எப்போதோ தண்ணீருக்குள் இறங்கிவிட்டிருந்தது.

அரிவாள் வரும்வரை
காத்திருக்கச் சம்மதித்த நெல்
ஊருக்குள் போனது.
வரப்பு, மூட்டை, விலை, வட்டி
எல்லாம் அதற்குக் கிடைத்தன.
இது சம்மதிக்கவில்லை.
சேற்றில் வேரை விட்டு
வருடா வருடம் அதே இடத்தில் தழைத்து
யாரும் கேட்குமுன் உதிர்ந்து...

பேனை கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு களை என்றே எழுதினேன்.
ஏழு லோட்.
சம்பளப் பதிவில்
எனக்கும் ஒரு கட்டம் இருக்கிறது:
அமைய ஊழியர்.
பதினான்கு வருடமாய் அதே மை.

176இல் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது
கணுக்காலில் ஏதோ குத்தியது.
குனிந்து பார்த்தேன்.
மேசில் பதினொரு மணி,
மீசையை நூலுக்குள் செருகிக்கொண்டு,
டிக்கெட் இல்லாமல்.
பொரளையில் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் விட்டதில்
இரண்டு இறங்கிக்கொண்டன.

அறைக்கு வந்து ஒன்றை நகத்தால் உரித்தேன்.
உள்ளே சிவப்பு அரிசி,
எறும்பு தூக்கும் அளவு.
பல்லில் வைத்துக் கடித்தேன்.
முதலில் சேறு.
பிறகு, விழுங்கிய பிறகு,
பாலை ஒத்த ஏதோ ஒன்று.
இன்னும் மூன்றைத் தின்றேன்.
பசியால் இல்லை.

மீதி ஐந்தை
ஒரு தயிர்ச் சட்டியில் நடலாம் என்று நினைத்தேன்.
வீட்டுக்காரர் சட்டிக்கும் வாடகை கேட்பார்.
குழாயடியில் மேசைத் திருப்பிக் கசக்கினேன்.
ஒவ்வொன்றாய்ச் சுழன்று
கானுக்குள் போயின.

அந்தக் கான் எந்தக் கால்வாயில் போய் விழும் என்று
எனக்குத் தெரியும்.
அடுத்த வருடம் எங்களுக்கு வேலை
அங்கேதான்.